மேகலாவின் பற்களும் நான் கட்டிய கம்ப்யூட்டரும்

பல் லேப்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் வேலைக்கு இப்போது நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். சந்தோஷம். யாரிடமோ என் நம்பரை வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறீர்கள். "சார், எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்? ரேம் எவ்வளவு போதும்?" என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அந்தப் 'போதும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் போனை வைத்துவிடத் தோன்றுகிறது. ஏன் என்று போனில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கடை வைத்திருந்தேன். வீடு அதியமான்கோட்டையில். போட்டோ ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று நான் கட்டிய கம்ப்யூட்டர் இல்லாத தெரு அந்தக் காலத்தில் குறைவு. கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. வயதாகிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

வளர்மதி என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் ஒரு மாடியில் பல் லேப் வைத்திருந்தார். மெழுகில் பல் செதுக்கிப் பழகிய கை. சேலத்தில் ஒரு லேப்பில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொடங்கி, கடைசியில் துணிந்து பல் கடையும் மில்லிங் மெஷின் ஒன்றும் வாங்கிவிட்டார். மெஷின் விற்றவர்கள் அதோடு ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கச் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வர வேண்டிய, தயாராகக் கட்டி வரும் பெரிய வொர்க்ஸ்டேஷன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, இது நம்மூருல கட்ட முடியாதுங்களா? ஏதாச்சும் ஒண்ணுன்னா பெங்களூருக்காரங்க வந்து பாக்க ஒரு வாரம் ஆவும். நீங்கன்னா கூப்ட்ட நேரத்துக்கு வந்துருவீங்க."

என் தலைக்கனத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்குது, எல்லாம் கடையில கிடைக்கிற சாமான்தான். பேரை ஒட்டி விக்கறாங்க" என்றேன். பெங்களூர்க்காரனை ஒரு கை பார்த்துவிட்ட திருப்தி.

உங்களில் சிலர் இந்தத் தொழிலின் மறுபக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அப்போது பார்த்ததில்லை. டாக்டர் பல்லைச் சுற்றிலும் சீவி ஒரு சின்ன முளையாக்கி விடுவார். அந்த முளைமேல் மாட்டுவதுதான் கேப். சீவிய பல் திரும்ப வளராது. லேப்பில் இருப்பவர் ஸ்கேனைத் திரையில் வைத்து கேப்பை வடிவமைக்கிறார். மெஷின் சிர்கோனியா என்ற வெள்ளைக் கட்டியைக் கடைந்து அதை எடுக்கிறது. கேப்பின் விளிம்பும் சீவிய பல்லின் ஓரமும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். ஒரு தலைமுடி நுழையும் இடைவெளி இருந்தால்கூட எச்சில் போகும், கிருமி போகும், உள்ளே பல் அழுகும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

அந்த டிசைன் சாப்ட்வேரோடு வந்த புத்தகத்தில் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு வரிசை போட்டிருந்தது. ஒன்று குறைந்தபட்சம், இன்னொன்று பரிந்துரை. வாழ்க்கை முழுவதும் நான் குறைந்தபட்சம் வரிசையைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறேன். ஸ்டூடியோக்காரருக்குப் படம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவர் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். ஆடிட்டருக்கு அதுவும் இல்லை. குறைந்தபட்சம் என்றால் ஓடும் என்று பொருள், அதற்கு மேல் எழுதியிருப்பது கம்பெனிக்காரர்களின் ஆடம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன். பதினாறு ஜிபி ரேம், நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி பதித்த கேபினெட். உள்ளே நீலமாக லைட் எரியும். வளர்மதி லைட் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன்.

"என்னம்மா வேலை வரும் உனக்கு?" என்று கேட்டேனா? கேட்டேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். "ஒண்ணு ரெண்டு கேப்புதாங்ணா வரும். மாவுக்கட்டுல அச்சு எடுத்துக் குடுப்பாங்க, அத நான் ஸ்கேன் பண்ணிக்குவேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருடம் என்ன வரும், கல்யாண மாதத்தில் என்ன வரும் என்று கேட்கவில்லை. வெளியூர்க்காரன் இதைக் கேட்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் இந்த மண்ணில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.

எங்கள் பக்கத்துப் பல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பலரும் அதே பல்லோடு இருக்கிறவர்கள்தான். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு சின்ன வயதிலேயே பல்லில் பழுப்பாக ஏறிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகு பிறந்தவர்கள் தப்பித்தார்கள். அதற்கு முன்னால் பிறந்த நாங்கள் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டோம். என் கல்யாண ஆல்பத்தில் நான் ஏதோ துக்க வீட்டில் நிற்கிறவன் மாதிரி இருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு, இங்கே ஒரு பெண்ணுக்கு வரன் அமைந்தால் முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று தெரியாதா? தெரியும். கம்ப்யூட்டர் கட்டும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் தப்பு ஐந்தே மாதத்தில் வெளிப்பட்டது. கம்ப்யூட்டரை மில்லிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒயர் நீளம் குறைவாகப் போதும் என்று. ஒரு நாள் கேபினெட்டைத் திறந்தால் உள்ளே கோலமாவு கொட்டின மாதிரி இருக்கிறது. கட்டியைக் கடையும்போது பறக்கும் தூளை நான் போட்ட மூன்று ஃபேனும் இழுத்து உள்ளே அடைத்து வைத்திருந்தன. நல்லவேளை, எதுவும் கருகவில்லை. சுத்தம் செய்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து, ஃபேனுக்கு வடிகட்டி மாட்டினேன். வளர்மதி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரை எங்கே வைக்கப் போகிறார்கள் என்பதைப் பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆனால் இந்தப் பாடம் சொல்வதற்காக நான் உங்களை உட்கார வைக்கவில்லை.

அந்த வருடம் டவுனில் ஒரு பல் டாக்டர் வாய்க்குள்ளேயே விட்டு ஸ்கேன் எடுக்கும் கேமரா வாங்கினார். மாவுக்கட்டு இல்லை, அச்சு இல்லை. மேல் தாடை, கீழ்த் தாடை எல்லாவற்றையும் எடுத்து நேராக வளர்மதிக்கு அனுப்பிவிடுவார். ஒரு பல்லின் ஸ்கேன் திறந்து பழகிய கம்ப்யூட்டருக்கு முழு வாயும் வந்து இறங்கியது. கையில் வைத்துச் சரிபார்க்க மாவுக்கட்டுப் பல்லும் கிடையாது. திரையில் என்ன தெரிகிறதோ அதுதான்.

தை பிறந்து சில நாள் இருக்கும். நான் பென்னாகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியான நேரம். தலைமையாசிரியர் பக்கத்திலேயே நின்று எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வளர்மதி கூப்பிட்டார்.

"அண்ணா, காலையிலருந்து நாலு தடவ ஹேங் ஆயிருச்சுங்ணா. பத்து கேப்பு, மேல் வரிசை முழுக்க. மார்ஜின் கோடு போடறதுக்குள்ள அப்புடியே நின்னுருது."

மார்ஜின் கோடு என்பது கேப் எங்கே முடிய வேண்டும் என்று பல்லின் ஓரத்தைச் சுற்றித் திரையில் போடும் கோடு. அதை வைத்துத்தான் விளிம்பு கடையப்படும்.

"வேற ஏதாச்சும் தொறந்து வெச்சிருக்கியா?"

"ஒண்ணுமே இல்லீங்ணா. அவசரமுங்ணா, கல்யாணப் பொண்ணு. காரிமங்கலம் பக்கம். பல்லெல்லாம் சீவியாச்சு, டெம்பரவரி கேப்பு மாட்டிட்டு உக்காந்திருக்குது."

அந்தக் கணத்தைத்தான் நான் இன்று வரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என் கம்ப்யூட்டர் இந்த வேலைக்குப் பத்தாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது பின்னால் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. பதினாறு ஜிபி நிரம்பித் திணறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? பெங்களூர்க்காரன் சரி, நான் தப்பு என்று ஆகும். 'அவசரம்' என்ற வார்த்தை எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவசரம் என்றால் யோசிக்க வேண்டாமல்லவா?

"ஸ்கேன் உள்ள வரும்போது டென்சிட்டின்னு ஒரு பட்டை இருக்கும் பாரு. அத இடது பக்கம் கடைசிக்கு இழுத்துவுடு. லோடு கொறைஞ்சிரும், ஓடும்."

"அதக் கொறச்சா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"கண்ணுக்கே தெரியாத புள்ளிம்மா அதெல்லாம். ஒண்ணும் ஆவாது."

ஸ்கேன் என்பது லட்சக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களால் பின்னிய வலை. நான் குறைக்கச் சொன்னது அந்த வலையின் கண்ணை. கொசுவலையைக் கழற்றிவிட்டு மீன் வலையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சமமான இடத்தில் வித்தியாசம் தெரியாது. கூர்மையான ஓரங்கள்தான் மழுங்கிப்போகும். கேப்புக்கு உயிர்நாடியே அந்த ஓரம்தான். எனக்கு அது தெரியாது. தெரியாத விஷயத்தில் 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்றுதான் இன்றைக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "ஓடுதுங்ணா. ரொம்ப நன்றிங்ணா." நான் பிரிண்டருக்குத் திரும்பினேன். தலைமையாசிரியர் முன்னால் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மேகலா. காரிமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர். கொரோனா முடிந்து ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகும் அது மட்டும் கழற்றவில்லையாம். கல்யாணம் நடந்து இரண்டு வாரத்தில் ஒரு போட்டோவோடு லேப்புக்கு வந்து வளர்மதி கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அந்தப் போட்டோவை வளர்மதி சுவரில் மாட்டியிருந்தார். மாலையும் கழுத்துமாக, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற பெண். நான் போகிறபோதெல்லாம் அதைப் பார்ப்பேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகப் பெருமையாக நினைத்துக்கொள்வேன். பங்கு இருந்தது, வேறு விதமாக.

ஒன்றரை வருடம் கழித்து வளர்மதி கூப்பிட்டார். குரல் சரியில்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களாண்ணா" என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

லேப்பில் மெஷின் ஓடவில்லை. மேஜைமேல் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து ஆறு கேப். டாக்டர் மேகலாவின் வாயிலிருந்து கழற்றி அனுப்பியவை. மேலே பார்த்தால் அன்று கடைந்த மாதிரியே வெள்ளையாக இருந்தன. திருப்பிக் காட்டினார். உள்பக்கம் கறுத்து, நாற்றமடித்தது. பூதக்கண்ணாடியை விளிம்பில் பிடித்தார். ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது.

"ஈறெல்லாம் ரத்தமா வருதுன்னு போயிருக்குதுங்ணா. ஆறு பல்லு உள்ளயே அழுகிப் போயிருச்சு. ரெண்ட எடுத்தே ஆவணுமாம். முன்னாடி பல்லுங்ணா."

இடைவெளியை டாக்டரின் பசை அடைத்திருந்தது. அவரும் மாட்டும்போது கவனிக்கவில்லை. நாளடைவில் பசை கரைந்து வழி திறந்துவிட்டது. இத்தனை நாளும் மேகலா வலி என்று சொன்னபோதெல்லாம் ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று டாக்டர் திட்டி அனுப்பியிருக்கிறார். மேகலா தினமும் நான்கு வேளை பல் தேய்த்திருக்கிறது. புருஷன் வீட்டில் வாய் நாற்றம் என்று தட்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

"எப்புடி இப்புடி ஆச்சு?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். பென்னாகரத்தில் போனில் சொன்னதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

வளர்மதி கம்ப்யூட்டரில் மேகலாவின் ஃபைலைத் திறந்தார். பிறகு டாக்டரிடமிருந்து வந்த மூல ஸ்கேனைப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரே ஒரு பல்லை மட்டும் வெட்டி எடுத்திருந்தார், முழுவதையும் திறந்தால் இந்தக் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்பதால். மூலத்தில் பல்லின் ஓரம் கத்தி முனை மாதிரி இருந்தது. எங்கள் ஃபைலில் தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது.

"நீங்கதானங்ணா சொன்னீங்க," என்றார். "பட்டையக் கடைசிக்கு இழுன்னு."

டூல்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

"அதுக்கப்புறம் எனக்கே மனசு ஒப்பாம கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி வெச்சேங்ணா. ஹேங் ஆவாத அளவுக்கு. ஆனா முழுசா வெக்க முடியல. அப்புடியேதான் செஞ்சிட்டிருக்கேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் கொடுத்த கம்ப்யூட்டர் பத்தவில்லை என்றால் வேலை நின்றுவிடும், நம்மைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது வேறு. நம்மை நம்பியவர்கள் கம்ப்யூட்டருக்குத் தகுந்த மாதிரி தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். யாரும் புகார் சொல்வதில்லை. வருடக்கணக்கில் எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும். வளர்மதி மாதிரி கைத்தொழில் சுத்தமான ஒருத்தி, மெழுகில் செய்த காலத்தில் விளிம்பு ஒரு நூல் பிசகினால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தவர், என் பேச்சைக் கேட்டுத் தன் கண்ணை நம்பாமல் இருந்திருக்கிறார்.

இரண்டு பேரும் டாக்டரைப் போய்ப் பார்த்தோம். கதவைச் சாத்தச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணுகிட்ட பிரஷ்ஷிங் சரியில்லைன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. அவங்களும் நம்பிட்டாங்க. நான் புதுசா செஞ்சு குடுத்துடறேன். இந்த கம்ப்யூட்டர் கதையெல்லாம் வெளிய போச்சுன்னா அவங்க லேப் இருக்காது, என் கிளினிக் இருக்காது. உங்களுக்கு என்ன, நீங்க கடைக்குப் போயிருவீங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். அவர் சொன்னதில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டால் மூன்று பேர் பிழைப்பும் தப்பும். மேகலாவின் பல் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வளர்மதிதான் பேசினார்.

"டாக்டர், அதே மாதிரி செஞ்சது இன்னும் இருபத்தாறு பேரு வாயில இருக்குதுங்க. அவங்க வலிக்குதுன்னு வந்தா அவங்களையும் பல்லு வெளக்கலன்னு சொல்லுவீங்களா?"

 மறுநாள் டாக்டர் இருபத்தாறு பேருக்கும் போன் போட ஆரம்பித்தார். அதைச் செய்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். பதினேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது பேருக்கு விளிம்பில் கசிவு தொடங்கியிருந்தது. பல் போகும் முன்னால் பிடித்துவிட்டார்கள். பட்டை கடைசி வரைக்கும் போனது ஒரே ஒரு ஆளுக்குத்தான். நான் போனில் சொன்ன அன்றைக்கு, மேகலாவுக்கு.

நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, பரிந்துரை வரிசைக்கும் மேலே ஒன்று கட்டினேன். அறுபத்து நான்கு ஜிபி ரேம், நினைவகம் பெரிய கார்டு, கனமான பிராசசர், லைட் கிடையாது. முழு வாயின் மூல ஸ்கேன், ஒரு புள்ளிகூடக் குறைக்காமல், பழகின வீட்டுக்குள் நுழைவது போல் திறந்தது. வளர்மதி அதைப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்ணா" என்றார். அதில் ஒன்பது பேருக்கான கேப்பை மட்டும் செய்து முடித்துவிட்டு லேப்பை மூடிவிட்டார். டாக்டர்கள் வேலை கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். செய்தி வெளியே போகாமல் இருக்குமா? இப்போது ஓசூரில் யாரோ ஒருவருடைய லேப்பில் சம்பளத்துக்கு டிசைன் போடுகிறார். என்னை அவர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மேகலாவிடம் யார் சொல்வது என்று வந்தது. டாக்டர் தான் சொல்வதாகச் சொன்னார். வளர்மதி தான் போவதாகச் சொன்னார். நான் போனேன். சொன்னவன் நான்தானே.

காரிமங்கலத்தில் பஸ் இறங்கினால் அன்றைக்குச் சந்தை. கூட்டத்தைத் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு மேட்டில் இறங்கி நடந்தேன். இருபுறமும் அறுத்துவிட்ட கேழ்வரகுக் காடு. மேகலா புருஷன் வீட்டில் இல்லை, அம்மா வீட்டில் இருந்தது. அம்மாதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். "வைத்தியத்துக்குத் தருமபுரி போறதுக்கு இங்கிருந்துதான் தோதுன்னு அனுப்பிச்சாங்க" என்றார். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புடித்தான் வெளிய சொல்லிக்கிறோம்" என்றார்.

மேகலா உள்ளேயிருந்து வந்தது. வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ பல் தேய்க்காததால் இல்லை, அது முதலில் தெரிந்துகொள் என்று ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரை நான் தப்பாகத் தேர்ந்தெடுத்ததை, அது நின்று நின்று போனதை, போனில் நான் சொன்னதை, வலையின் கண் பெரிதானதை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தார். ஒன்றரை வருடமாக மகளையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் அவரும். மேகலா அழவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்பும்போது கேட்கிற மாதிரி, பொறுமையாகக் கேட்டது.

"அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல முழுசா செய்யவே முடியாதுங்களா?"

"முடியாதும்மா. வேற பெரிய கம்ப்யூட்டர்ல போட்டிருக்கணும்."

"அது எங்க இருந்துச்சுங்க?"

"சேலத்துல. வளர்மதி முன்னாடி வேலை பாத்த லேபு. எனக்கும் தெரிஞ்சவங்கதான். கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க."

"சேலம் போய் செஞ்சு எடுத்துட்டு வர எத்தன நாளாயிருக்கும்?"

"ஒரு நாள்."

மேகலா தலையை ஆட்டியது. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டது. அதற்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது.

"கல்யாணத்துக்கு அன்னிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சுங்க," என்றது.